கிட்டார்ல தம்புரா சுருதி: டி-ஏ-டி-ஜி-ஏ-டி-க்கு கம்பி மாத்திக் கட்டறது

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். கிட்டாரை வேற ட்யூனிங்குக்கு கொண்டு போகணும்னா கீயைத் திருகி இறக்கினா போதுமே, எதுக்கு புது ஸ்ட்ரிங்னு நெறய பேர் கேப்பாங்க. நானும் அப்படித்தான் நாலு வருஷம் ஓட்டினேன், அது தப்புன்னு சொல்ல மாட்டேன், ஒரு பாட்டுக்கு இறக்கி வாசிச்சுட்டு திரும்ப ஏத்தி வெக்கறதுக்கு அது போதும். ஆனா அந்த கிட்டார் இனிமே அந்த ட்யூனிங்லயே தான் இருக்கப் போகுதுன்னா கம்பியோட தடிமனையும் மாத்தணும், இல்லன்னா தொளதொளன்னு ஆயிடும். ஆறு கம்பிக்கும் இல்ல, மூணுக்கு மட்டும். அந்த மூணு எது, கட்டறப்ப எங்கெங்க சொதப்பும்னு தான் எழுதறேன்.

போன ஏப்ரல் லீவுக்கு அக்கா பொண்ணு கிருஷ்ணகிரியிலருந்து தர்மபுரிக்கு எங்க வீட்டுக்கு வந்திருந்தா. பாட்டு கத்துக்கறா, அஞ்சு கட்டை சுருதி (கட்டைன்னா பாடறவங்க ஸ வெக்கற உயரம்: ஒரு கட்டை சி, ரெண்டு டி, அஞ்சு ஜி). மாடியில ஷீட் போட்ட ரூம்ல என் கிட்டார் ஆணியில தொங்கிட்டு இருக்கும், அதை எடுத்து மடியில வெச்சு, இடது கையை எங்கயும் வெக்காம ஆறு கம்பியையும் ஒரு இழு இழுத்துட்டு மூஞ்சிய சுளிச்சா. "என்ன மாமா இது, ஒண்ணோட ஒண்ணு சேரவே மாட்டேங்குது, தம்புரா எல்லாம் சும்மா மீட்டினாலே எவ்ளோ அழகா நிக்கும்." அவ சொன்னது நெஜம்தான். சாதா ட்யூனிங் தடிச்ச கம்பியிலருந்து இ-ஏ-டி-ஜி-பி-இ, அது கார்டு, அதான் பல ஸ்வரத்தை ஒண்ணா ஒலிக்க வெக்கறது, பிடிக்கற விரலுக்கு வசதியா அமைச்சது, சும்மா விட்டா ஒரு சுருதியில நிக்காது. "நிக்க வெக்கலாம் கண்ணு, ஆனா கம்பி மாத்தணும்"னேன். "அப்ப மாத்துங்க மாமா"ன்னு சம்மணம் போட்டு உக்காந்துட்டா.

டி-ஏ-டி-ஜி-ஏ-டி-ன்னு ஒரு ட்யூனிங் இருக்கு, இங்கிலீஷ்காரங்க அதை சேத்து 'டாட்காட்'னே சொல்வாங்க. இங்கிலாந்து கிட்டார்காரர் டேவி கிரஹாம் 1960கள்ல பிரபலமாக்கினது, மொராக்கோவுல ஊத் வாத்தியத்தைக் கேட்டுட்டு வந்து பிடிச்சாருன்னு சொல்வாங்க. நம்மாளுங்களுக்கு அதை விளக்க ஒரு வரி போதும்: டி-யை ஸட்ஜமா வெச்சா அது ஸ-ப-ஸ-ம-ப-ஸ. அவ்ளோதான். ம சுத்த மத்யமம். டி-ங்கறது நம்ம கணக்குல ரெண்டு கட்டை. இதுல காந்தாரமே கிடையாது பாருங்க, அதனால மேஜர், மைனர் எந்தப் பக்கமும் சாயாது, எந்த ராகத்தைப் பாடினாலும் பின்னாடி பெருசா இடிக்காம நிக்கும், மத்யமம் ஒண்ணுதான் சில ராகத்துக்கு ஒத்துக்காது, அதுக்கு ஒரு விரல் வைத்தியம் இருக்கு, கடைசியில சொல்றேன். மத்ததையும் சும்மா தெரிஞ்சுக்கோங்க: ஓப்பன் டி-ன்னா ஸ-ப-ஸ-க-ப-ஸ, மூணாவது கம்பியை அரை ஸ்வரம் இறக்கி அந்தர காந்தாரத்துல நிறுத்தறது. ஓப்பன் ஜி-ன்னா டி-ஜி-டி-ஜி-பி-டி, ஜி-யை ஸ-ன்னு வெச்சா ப-ஸ-ப-ஸ-க-ப. ஓப்பன் இ-ன்னு ஒண்ணு இருக்கு, அதுல மூணு கம்பியை சாதா அளவைவிட மேல ஏத்தணும், அதுக்கு மட்டும் போகாதீங்க, ஓப்பன் டி வெச்சுட்டு ரெண்டாவது ஃப்ரெட்ல (கழுத்து மேல குறுக்கால பதிச்ச உலோகக் கோடு) கேப்போ, அதான் ஆறு கம்பியையும் ஒண்ணா அழுத்தற கிளிப், போட்டா அதே சத்தம் வந்துடும், கிட்டாரும் பிழைக்கும்.

இப்ப கணக்கு, பயப்படாதீங்க, ஒரே ஒரு பாரா. கம்பி நம்பர் மெல்லிசு பக்கத்துலருந்து எண்ணணும், மெல்லிசு ஒண்ணு, தடிச்சது ஆறு. சாதாவுலருந்து டாட்காட்டுக்கு வர்றப்ப 1, 2, 6 இந்த மூணும்தான் ஒரு முழு ஸ்வரம், அதாவது ரெண்டு ஃப்ரெட் அளவு கீழ இறங்குது. இ ரெண்டும் டி ஆகுது, பி ஏ ஆகுது. 3, 4, 5 அப்படியே இருக்கும். ஒரே கம்பி ஒரே நீளத்துல ஒரு முழு ஸ்வரம் இறங்கினா இழுவிசை அஞ்சுல ஒரு பங்கு போயிடும், ஏன்னா இழுவிசை அதிர்வெண்ணோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி மாறும், அதிர்வெண் 0.89 மடங்கு ஆச்சுன்னா விசை 0.79 தான். சாதா லைட் செட்டு போட்ட கிட்டார் மொத்தமா சுமார் 160 பவுண்டு, நம்ம கணக்குல 70 கிலோவுக்கு மேல இழுத்துட்டு நிக்குது. மூணு கம்பியும் இறங்கினா அதுல ஏழு கிலோ கிட்ட குறைஞ்சுடும். வெளிய கேக்கறப்ப என்ன ஆகும்னா ஆறாவது கம்பி அடிச்சதும் ஃப்ரெட்ல பட்டு 'சர்ர்'னு கொரகொரக்கும், முதல் கம்பி சவசவன்னு ஆகி சத்தம் தராது, அழுத்தி வாசிச்சா ஸ்வரம் மேல ஏறி ஓடும். நெக்கை, அதான் கிட்டாரோட கழுத்தை, முன்னாடி வளைச்சு இழுக்கற விசையும் குறையறதால நெக்கும் கொஞ்சம் நேராகி கொரகொரப்பு இன்னும் கூடும்.

அதுக்கு மருந்து அந்த மூணு கம்பியை மட்டும் ஒரு படி தடிமனாக்கறது. சாதாரணமா லைட் செட்டுன்னா 0.012 இன்ச்லருந்து 0.053 வரைக்கும் இருக்கும், கடையில சுருக்கமா பன்னண்டு செட்டும்பாங்க: 12, 16, 24, 32, 42, 53. மீடியம் செட்டு 13, 17, 26, 35, 45, 56. நமக்கு வேண்டியது ரெண்டும் கலந்தது, அதாவது 13, 17, 24, 32, 42, 56. இதுல 13 கம்பி டி-யில நின்னா பழைய 12 இ-யில குடுத்த இழுப்புல 93 சதவீதம் வந்துடும், வெறும் 12-ஐ இறக்கினா 79 தான். ரெண்டாவது கம்பிக்கு 18 கிடைச்சா அதுதான் கச்சிதம், பழைய இழுப்பு அப்படியே திரும்பி வரும், கிடைக்கலன்னா 17 போதும். மீடியம் செட்டை முழுசா மாட்டிடலாமேன்னா, நடு மூணு கம்பியும் இறங்காம அதே ஸ்வரத்துலயே நிக்கறதால அங்க இழுப்பு கூடிடும், விரலுக்கும் கடினம், விலை கம்மியான கிட்டாரா இருந்தா பிரிட்ஜ், அதான் உடம்பு மேல கம்பி முனை மாட்டற கட்டை, பசை விட்டு தூக்கிக்கற அபாயமும் இருக்கு, அதும் எங்க ஊர் ஷீட் ரூம் வெயில்ல சொல்லவே வேணாம்.

வாங்கறது தான் தர்மபுரியில பெரிய வேலை. ஒத்தை ஸ்ட்ரிங் தனியா குடுங்கன்னு கேட்டா முதல் கம்பி வேணா கிடைக்கும், எப்பவும் அறுந்து போறது அதுதானே, 56 எல்லாம் கேட்டா நம்மள ஒரு மாதிரி பாப்பாங்க. ஒரு பக்கம் சேலம், இன்னொரு பக்கம் ஓசூர் தாண்டி பெங்களூரு, யாராவது போனா சொல்லி விடறது, இல்லன்னா ஆன்லைன். நான் கண்டுபிடிச்ச எளிய வழி ஒரு லைட் செட்டும் ஒரு மீடியம் செட்டும் வாங்கிக்கறது. மீடியத்துலருந்து 1, 2, 6 எடுத்து லைட்டோட நடு மூணோட சேத்தா ஒரு செட்டு ரெடி. மிச்சம் இருக்கற 12, 16-ஐ உறையில போட்டு வெச்சா சாதா ட்யூனிங் கிட்டாருக்கு ஸ்பேர். உறை மேல பேனாவுல எழுதி வெய்ங்க, 16-க்கும் 17-க்கும் கண்ணுல வித்தியாசம் தெரியாது, நான் ஒரு தடவை எழுதாம விட்டுட்டு கம்பியை விரலுக்கு நடுவுல உருட்டி உருட்டி பாத்துட்டு உக்காந்திருந்தேன்.

கடையில உறையைத் திருப்பிப் பாத்து வாங்குங்க. ஒரு தடவை ஒரு கடையில அக்கூஸ்டிக்னு கேட்டு வாங்கிட்டு வந்து பிரிச்சா 9-லருந்து 42 வரைக்கும், எலெக்ட்ரிக் செட்டு. மூணாவது கம்பி சுத்துக் கம்பி இல்லாம வெறும் கம்பியா இருந்தப்பதான் உறைச்சது. அக்கூஸ்டிக் லைட் செட்டுல முதல் ரெண்டு மட்டும் தான் வெறும் ஸ்டீல், மூணாவதுலருந்து வெண்கலம் சுத்தியிருக்கும். 80/20-ன்னு போட்டிருந்தா 80 பங்கு செம்பு 20 பங்கு துத்தநாகம், பளிச்னு சத்தம், சீக்கிரம் மங்கும். பாஸ்பர் பிரான்ஸ்னா சத்தம் கொஞ்சம் கனமா, அதிக நாள் நிக்கும், சுருதிக்கு எனக்கு இதுதான் பிடிக்கும். இன்னொண்ணு, உங்க கிட்டார்ல கம்பி பிரிட்ஜ்ல முடிச்சு போட்டு கட்டியிருந்தா, கம்பியை ஓட்டையில இறுக்கற பின் இல்லாம இருந்தா, அது நைலான் போடற கிளாசிக்கல் கிட்டார், அதுல ஸ்டீல் கம்பியை ஏத்தவே ஏத்தாதீங்க, அந்தப் பலகை அவ்ளோ இழுப்பைத் தாங்காது.

தேவைப்படற சாமான்: கட்டிங் பிளேயர், காட்டன் துணி, கூர்மையான பென்சில், ட்யூனர் ஆப், கிடைச்சா வைண்டர். வைண்டர் சின்ன பிளாஸ்டிக் சாமான் தான், ஆனா அது இல்லாம ஆறு கீயையும் கையில சுத்தினா மணிக்கட்டு கழண்டுடும். ஆப்ல ஒண்ணு கவனிங்க, கிட்டார் மோடுல விட்டா அது சாதா ட்யூனிங்குக்கே இழுக்கும், 'இ-க்கு ஏத்து ஏத்து'ன்னு காட்டிட்டே இருக்கும், க்ரோமேட்டிக்னு ஒரு மோடு இருக்கும், அதுக்கு மாத்திடுங்க. அதை மாத்தாம விட்டதால தான் நான் ஒரு தடவை புது முதல் கம்பியை டி-க்கு இறக்கறதுக்கு பதிலா ஏத்திட்டே போனேன், ஏதோ ஒரு நேரத்துல டி வந்துடும்னு நெனச்சு. வரும்தான், அடுத்த ஸ்தாயியில. அதுக்கு முன்னாடியே பட்டுனு அறுந்து புறங்கையில ஒரு கோடு போட்டுச்சு. நம்ம மூணு கம்பியும் இறங்கறது தான், ஏறறது எதுவும் இல்ல, அதை மனசுல வெச்சுக்கோங்க.

சரி, கழட்டறது. எல்லாத்தையும் ஒரே நேரத்துல வெட்டாதீங்க, 70 கிலோ இழுப்பு படக்குனு போனா நெக்குக்கு அதிர்ச்சி, அதை விட முக்கியமா கம்பி முகத்துல அடிக்கும். ஒவ்வொண்ணா கீயைத் தளர்த்தி நல்லா தொங்கினதுக்கப்பறம் எடுங்க. போர்டை, அதான் நெக் மேல விரல் வெக்கற பலகையை, துடைக்கணும்னா மட்டும் ஆறையும் எடுத்துடலாம், அப்ப சேடில், அதான் பிரிட்ஜ் மேல இருக்கற அந்த வெள்ளை துண்டு, வீணையில குதிரைன்னு சொல்றோமே அந்த மாதிரி, அது கழண்டு விழுந்தா எந்தப் பக்கம் தடிச்ச கம்பிக்குன்னு பென்சில்ல குறிச்சுக்கோங்க. தடிச்ச பக்கம் உயரம் அதிகமா இருக்கும், மாத்தி வெச்சா அடுத்த நாள் வரைக்கும் ஏன் சுருதி சேரலன்னு தலைய பிச்சுக்கணும்.

பின் சில நேரம் இறுகிடும். பிளேயரால பிடிச்சு இழுக்காதீங்க, தலை நொறுங்கிடும். வைண்டரோட முனையில ஒரு பள்ளம் இருக்கும், அதை பின் தலைக்குக் கீழ கொடுத்து நெம்பலாம், அதுவும் வரலன்னா கிட்டாரோட நடுவுல இருக்கற பெரிய ஓட்டை வழியா கையை உள்ள விட்டு கீழ நீட்டிட்டு இருக்கற பின் முனையை ஒரு ரூபா காசால மேல தள்ளுங்க, டக்குனு வந்துடும். எந்த பின் எந்த ஓட்டைன்னு வரிசையா தரையில வெய்ங்க, பழைய கிட்டார்ல ஓட்டை ஒவ்வொண்ணும் ஒரு அளவா இருக்கும்.

போர்டைத் துடைக்கறதுக்கு லேசா ஈரம் பண்ணின துணி போதும், உடனே காஞ்ச துணியால ஒரு தடவை. ரோஸ்வுட் போர்டா இருந்து வெள்ளையா காஞ்சு போயிருந்தா லெமன் ஆயில் ரெண்டு சொட்டு. எங்கம்மா 'தேங்கா எண்ணெய் தடவுடா, மரம் தானே'ன்னாங்க, தடவினேன், நாலு வாரத்துல பிசுபிசுன்னு தூசி ஒட்டி சிக்கு வாடை, அதை எடுக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு. நம்ம பக்கம் மார்ச்லருந்து ஜூன் வரை காத்துல ஈரமே இருக்காது, மரம் சுருங்கி ஃப்ரெட் ஓரம் கையில கீறும், அப்படி இருந்தா கிட்டாரை மாடியில தொங்க விடாம கீழ உறைக்குள்ள வெக்கறது தான் வைத்தியம், எண்ணெய் இல்ல. நான் இப்ப கீழ தான் வெக்கறேன்.

நட்டுல, அதாவது தலைக்குக் கீழ கம்பி படியற அந்த பள்ளத்துல, பென்சில் முனையால நல்லா கிறுக்குங்க, கிராஃபைட் இறங்கினா கம்பி வழுக்கிட்டு போகும். இது டாட்காட்டுக்கு ரொம்ப முக்கியம், ஏன்னா 53-க்கு வெட்டின பள்ளத்துல 56 வந்து உக்காருது, வித்தியாசம் 0.08 மில்லிமீட்டர் கூட இருக்காது, ஆனா அதுவே போதும் மாட்டிக்கறதுக்கு. மாட்டிக்கிட்டா ட்யூன் பண்றப்ப 'டிங்'னு ஒரு சத்தம் வரும், கீ திருகினாலும் சுருதி ஏறாம நின்னு நின்னு திடீர்னு எகிறும். பென்சில் போட்டும் அப்படியே இருந்தா நட் ஃபைல் வெச்சிருக்கறவங்க கிட்ட குடுங்க, ஆக்சா பிளேடு எடுத்து நீங்களே இறங்கிடாதீங்க, பள்ளம் ஆழமாயிட்டா நட்டையே மாத்தணும்.

இப்ப கட்டறது. கம்பியோட குண்டு முனையை பிரிட்ஜ் ஓட்டையில விட்டு, அதுக்கு முன்னாடி குண்டுக்குப் பக்கத்துல லேசா ஒரு வளைவு குடுத்துக்கோங்க, பின்னோட காடி கம்பியைப் பாக்கற மாதிரி வெச்சு சும்மா செருகுங்க, அழுத்தாதீங்க, அப்படியே கம்பியை மேல இழுங்க. உள்ள 'டொக்'னு ஒரு சின்ன சத்தம் வரும், குண்டு போய் அடிப் பலகையில உக்காந்த சத்தம் அது, அதுக்கப்பறம் தான் பின்னைக் கட்டை விரலால அழுத்தணும். இந்த சத்தம் வராம அழுத்தினா குண்டு பின்னோட முனையில தொங்கிட்டு நிக்கும், பாதி சுருதி ஏத்தறப்ப பின் துப்பாக்கி குண்டு மாதிரி பறக்கும். அக்கா பொண்ணு கிட்ட நான் இதைச் சொல்லிட்டே ஆறாவது கம்பியைப் போட்டேன், சொல்லிட்டே இருந்ததுல கேக்க மறந்துட்டேன், ஏ வரை ஏத்தறதுக்குள்ள பின் ஷீட்ல போய் அடிச்சு டங்குனு விழுந்துச்சு. "இப்படித்தான் செய்யக் கூடாதுன்னு காட்டறீங்களா மாமா?"ன்னா. ஆமான்னு சொல்லிட்டேன்.

கீ பக்கம். கம்பியை கீயோட தூண்ல இருக்கற ஓட்டையில விட்டு முழுசா இறுக்கி இழுத்துட்டு, சுத்துக் கம்பின்னா ரெண்டு இன்ச், வெறும் கம்பின்னா மூணு இன்ச் திரும்ப தளர விடுங்க. அந்த தளர்வுல தான் சுத்து வரும், தடிச்சதுக்கு ரெண்டு ரெண்டரை சுத்து, மெல்லிசுக்கு நாலு. தளர்வே விடாம கட்டினா வழுக்கும், பத்து சுத்து சுத்தினா ஒரு வாரம் சுருதி இறங்கிட்டே இருக்கும். கம்பி எப்பவும் தலையோட உள்பக்கமா வரணும், தலையை நேரா பாத்தா தடிச்ச மூணும் இடதுபக்கம், அந்த தூண் கடிகாரத்துக்கு எதிர்த் திசையில சுத்தணும், மெல்லிசு மூணும் கடிகாரத் திசையில. ஒவ்வொரு சுத்தும் முந்தினதுக்கு கீழ இறங்கணும், ஒண்ணு மேல ஒண்ணு ஏறக் கூடாது. வால் பக்கத்தை ஓட்டையிலருந்து வெளிய வர்ற இடத்துல கூரா மடக்கி விடுங்க, வெட்டறது எல்லா கம்பியும் சுருதிக்கு வந்தப்பறம். சுத்துக் கம்பியை மடக்காம வெட்டினா மேல இருக்கற வெண்கலச் சுத்து தளர்ந்து கம்பி செத்துடும், தட்டினா தொப்புனு கேக்கும்.

வெட்டின துண்டு எல்லாத்தையும் எண்ணி ஒரு டப்பாவுல போட்டுடுங்க. காலில் குத்தறது ஒரு பக்கம், வீட்ல மாடு இருந்தா இன்னும் கவனம். பெருக்கினது தீவனத்தோட கலந்து மாடு முழுங்கிட்டா வயித்துல குத்தி பெரிய வம்பாயிடும். நீளமா இருக்கற பழைய கம்பியை நான் அவரைப் பந்தலுக்கு கட்டிட்டேன், கயிறு மாதிரி இத்துப் போகாது.

ட்யூன் பண்றப்ப எல்லாத்தையும் முக்கால்வாசி ஏத்திட்டு அப்பறம் துல்லியத்துக்கு வாங்க. ஒண்ணை முழுசா வெச்சுட்டு அடுத்ததுக்கு போனா முன்னாடி வெச்சது இறங்கியிருக்கும், மேல் பலகை இழுப்புக்கு ஏத்த மாதிரி அசையறதால அப்படி. எப்பவும் கீழருந்து ஏறி ஸ்வரத்துக்கு வந்து நில்லுங்க, தாண்டிட்டா நல்லா இறக்கிட்டு திரும்ப ஏறுங்க. வந்தப்பறம் ஒவ்வொரு கம்பியையும் பன்னண்டாவது ஃப்ரெட் பக்கம் விரலால மேல தூக்கி மெல்ல இழுத்து விடுங்க, சுருதி இறங்கும், திரும்ப ஏத்துங்க, மூணு நாலு தடவை. அதுக்கு மேல இறங்காது.

சரிபாக்க ஆப்பே வேணாம். ஆறாவது கம்பியை ஏழாவது ஃப்ரெட்ல பிடிச்சா அஞ்சாவது கம்பி, அஞ்சாவதை அஞ்சுல பிடிச்சா நாலாவது, நாலாவதை அஞ்சுல பிடிச்சா மூணாவது, மூணாவதை ரெண்டுல பிடிச்சா ரெண்டாவது, ரெண்டாவதை அஞ்சுல பிடிச்சா முதலாவது. ஆப் காட்டற பஞ்சமம் தம்புரா பஞ்சமத்தை விட ஒரு மயிரிழை கம்மி, பியானோ கணக்கு அது. காது பழகினவங்க ஆறாவது கம்பியை ஏழாவது ஃப்ரெட் கம்பிக்கு நேர் மேல அழுத்தாம தொட்டு மீட்டினா மணி மாதிரி ஒரு ஸ்வரம் வரும், அதோட ரெண்டாவது கம்பியை சேத்து, நடுவுல 'வாவ் வாவ்'னு வர்ற அலை நிக்கற வரைக்கும் திருகுங்க. அக்கா பொண்ணு அதை ஒரே தடவையில பிடிச்சுட்டா, எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு.

கொரகொரப்பு இன்னும் இருந்தா நெக்கைப் பாக்கணும். முதல் ஃப்ரெட்ல கேப்போ போட்டு, ஆறாவது கம்பியை நெக் உடம்போட சேர்ற இடத்துல, பெரும்பாலும் பதினாலாவது ஃப்ரெட், அழுத்திப் பிடிச்சுக்கிட்டு ஏழாவது ஃப்ரெட் மேல எவ்ளோ சந்து இருக்குன்னு பாருங்க. 0.2 மில்லிமீட்டர், விசிட்டிங் கார்டு தடிமனுக்கு கொஞ்சம் கம்மி, அது சரியான அளவு. சந்தே இல்லன்னா நெக் நேராயிடுச்சு, ட்ரஸ் ராடை, அதான் நெக்குக்குள்ள ஓடற இரும்புக் கம்பியை, இடப்பக்கம் கால் சுத்து தளர்த்துங்க. ரொம்ப அதிகம்னா வலப்பக்கம் கால் சுத்து. அதுக்கு மேல ஒரே நாள்ல வேணாம், ஒரு ராத்திரி விட்டுட்டு பாருங்க. கலவை செட்டு போட்டா பெரும்பாலும் இந்த வேலையே வராது, மொத்த இழுப்பு பழசுக்கு பக்கத்துலயே நிக்கறதால. பன்னண்டாவது ஃப்ரெட்ல தடிச்ச கம்பி உயரம் 2.4 மில்லிமீட்டர், மெல்லிசுக்கு 1.8, இந்த அளவு எனக்கு பிடிச்சது.

இனி கட்டை கணக்கு. இருக்கற நிலையில கிட்டார் ரெண்டு கட்டை. பாடறவங்களுக்கு ஏத்த மாதிரி கேப்போ போடுங்க: மூணாவது ஃப்ரெட்ல போட்டா நாலு கட்டை, நாலாவதுல நாலரை, அஞ்சாவதுல அஞ்சு கட்டை, ஆறாவதுல அஞ்சரை. அஞ்சுக்கு அஞ்சு தற்செயலா பொருந்துது, மறக்காது. ஒரு கட்டையில பாடற ஆம்பளைங்களுக்கு கேப்போ வேலை செய்யாது, ஆறு கம்பியையும் இன்னொரு முழு ஸ்வரம் இறக்கி சி-ஜி-சி-எஃப்-ஜி-சி வெக்கணும், அதுக்கு மீடியம் செட்டை முழுசா போட்டுடறது தான் சரி.

அந்த மத்யம விவகாரம். முதல் கம்பியில மோகனம் வாசிக்கறதுன்னா கேப்போவுலருந்து எண்ணி 0, 2, 4, 7, 9, 12. மோகனத்துல ம கிடையாது, ஆனா மூணாவது கம்பி சும்மா விட்டா ம-ன்னு கத்திட்டே இருக்கும். அதுக்கு மூணாவது கம்பியை ரெண்டாவது ஃப்ரெட்ல ஒரு விரல் வெச்சுடுங்க, அது ப ஆயிடும், அப்ப மொத்தமும் ஸ-ப-ஸ-ப-ப-ஸ, சுத்தமான தம்புரா. ஹம்சத்வனிக்கும் இதே விரல், 0, 2, 4, 7, 11, 12. சுத்த சாவேரிக்கு விரலை எடுத்துடுங்க, 0, 2, 5, 7, 9, 12, அதுல ம தான் உயிரு, சும்மா விட்ட கம்பியே பாடும். கல்யாணி மாதிரி பிரதி மத்யம ராகத்துக்கு மூணாவதை முதல் ஃப்ரெட்ல வெச்சா பிரதி மத்யமம், நான் பெரும்பாலும் ப-லயே வெச்சுடுவேன், பாடறவங்களுக்கு அது தான் தொல்லை இல்ல.

லீவு முடிஞ்சு அவ கிட்டாரை எடுத்துட்டு பஸ்ல கிருஷ்ணகிரி போறப்ப ஆறு கம்பியையும் அரை ஸ்வரம் இறக்கிக் குடுத்தேன், மே மாச வெயில்ல பஸ் ஒரு அடுப்பு. ராத்திரி எட்டு மணிக்கு போன். ஆப் இல்லாம ஏத்திட்டாளாம், எல்லாம் சேருது, மூணாவது மட்டும் லேசா இடிக்குதுன்னா. ரெண்டாவது ஃப்ரெட்ல விரல் வெச்சு மோகனம் பாடுன்னேன். போனை கட் பண்ணாம பக்கத்துல வெச்சுட்டா, அக்கா களி கிண்டற சத்தத்துக்கு நடுவுல அஞ்சு கட்டை ஸ-ப-ஸ கேட்டுச்சு.